தஞ்சை தந்த மங்களம்: ஒரு கிறித்துவத் துதிப்பாடல் பிறந்த கதை

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தால் தஞ்சை வட்டாரத்தில் திருமணங்கள் தொடங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் திருமணத்திற்காகத் தஞ்சைக்கு அண்மையிலுள்ள சிற்றூர்த் தேவாலயம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஆலயத்தினுள் ஆர்மோனியத்தோடு பாடப்பட்டவை பெரும்பாலும் மேலைநாட்டு மெட்டுகள். சடங்கு முடிந்து மணமக்கள் வாசலுக்கு வந்தபோது, பந்தலில் காத்திருந்த நாகசுரக் கலைஞர்கள் வேறொரு பாடலை எடுத்தனர். அதுவரை பாட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தியிருந்த கூட்டம் புத்தகத்தை மூடிவிட்டு மனப்பாடமாகப் பாடத் தொடங்கியது. இயேசுநாதருக்கு மங்களம் கூறும் பாடல் அது.

நம்மோடு வந்திருந்த தமிழாசிரிய நண்பர் சைவ மரபினர், இசையில் தோய்ந்தவர். சற்றுக் கேட்டுவிட்டு, "நம் கச்சேரிகளில் கடைசியில் பாடுவார்களே, அந்த மங்களம் போலவே இருக்கிறதே! அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள் போலும்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனினும் 'பார்த்து எழுதியது' என்னும் சொல் நம் மனத்தில் தங்கிவிட்டது. உண்மையில் யார் எதைப் பார்த்து எழுதினார்கள்? அந்த வினாவுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

மங்களம் என்னும் வடிவம்

முதலில் மங்களம் என்பது யாது எனக் காண்போம். வாழ்த்தித் தொடங்குவதும் வாழ்த்தி முடிப்பதும் தமிழில் பழைய வழக்கு. சிலப்பதிகாரத்தின் முதற்பகுதியே 'மங்கல வாழ்த்துப் பாடல்' என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் நாடகம், கதாகாலட்சேபம், இசையரங்கு ஆகியவற்றின் நிறைவில் பாடப்படும் வாழ்த்து 'மங்களம்' என்னும் தனி உருப்படியாக நிலைபெற்றது. அதன் கட்டமைப்பு எளிது. பாட்டுடைத் தலைவனின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். ஒவ்வொரு பெயரும் 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபை ஏற்று நிற்கும். 'இன்னவனுக்கு, இத்தகையவனுக்கு, இதைச் செய்தவனுக்கு மங்களம்' என்று அது முடியும். அதில் கதை இல்லை, வேண்டுதலும் இல்லை. பெயர்களும் வாழ்த்துமே உண்டு.

கடவுளுக்கு மனிதன் வாழ்த்துக் கூறுவது பொருந்துமா என்று கேட்கலாம். பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு அதற்கு முன்னோடி. அங்கே அடியவரே ஆண்டவனுக்குப் பல்லாண்டு பாடுகிறார். எபிரேய மரபிலும் இது புதிதன்று. 103ஆம் சங்கீதத்தில் பாடுவோன் தன் ஆன்மாவையே விளித்துக் கர்த்தரை வாழ்த்தச் சொல்கிறான். ஆகவே காவிரிக் கரையின் மங்களமும் விவிலியத்தின் துதியும் சந்திக்க ஓர் இடம் முன்பே இருந்தது. சந்திக்கச் செய்யும் ஒருவர் தேவைப்பட்டார்.

கடல் வழி வந்த பாட்டு

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். காவிரி கடலோடு கலக்கும் பகுதியில், டேனிஷ்காரர்களின் ஆட்சியிலிருந்த சிறு துறைமுகம் அது. அங்கே அச்சகம் வந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. செருமானியப் பாடல்களின் தமிழாக்கங்கள் அடங்கிய பாட்டுப் புத்தகமும் 1715ஆம் ஆண்டிலேயே அச்சேறிற்று. பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய பப்ரிஷியஸ் அப்பணியைப் பெருக்கினார். 'ஞானப்பாட்டு' என வழங்கும் இப்பாடல்கள் லுத்தரன் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றின் பக்திச் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் மொழியியல் சிக்கல் ஒன்று அவற்றில் உண்டு. செருமானியத் தேவாலய மெட்டில் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். ஒவ்வொரு சுரமும் ஏறத்தாழ ஒரே நீளம் ஒலிக்கும். தமிழிலோ குறிலும் நெடிலும் பொருளையே மாற்ற வல்லவை. குறில் வர வேண்டிய இடத்தில் மெட்டு நீட்டினால் 'கல்' என்பது 'கால்' ஆகும். 'மனம்' என்பது 'மானம்' ஆகும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கீர்த்தனையில் இத்தொல்லை குறைவு. சொல்லின் எதுகையும் மோனையும் தாளத்தின் அடியோடு இசைந்து விழுமாறு அதைப் பாடலாசிரியரே கட்டுகிறார். மேலும், பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால் எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டாலே சேர்ந்து பாடிவிடலாம். ஞானப்பாட்டுக்குப் புத்தகம் வேண்டும். கீர்த்தனைக்குச் செவி போதும். அன்றைய உழவர் குடிகளுக்கு இது சிறிய வேறுபாடன்று.

கத்தோலிக்கத் தரப்பில் வீரமாமுனிவர் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தேம்பாவணி என்னும் காப்பியத்தையே படைத்தார். அது புலவர் அவைக்கு உரியது. தெருவுக்கும் மேடைக்கும் உரிய கிறித்துவத் தமிழ்ப் பாட்டு இன்னொருவருக்காகக் காத்திருந்தது.

கவிராயர்

அவர்தாம் வேதநாயக சாஸ்திரியார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்த கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். நம் சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர், சீர்திருத்தத் திருச்சபையினர்.

1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில், கிறித்துவத்தைத் தழுவிய வேளாளர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1785ஆம் ஆண்டை ஒட்டி, சிறுவனாக இருந்த அவரைச் சுவார்ட்ஸ் பாதிரியார் தம்மோடு தஞ்சைக்கு அழைத்து வந்தார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் அப்போது தஞ்சை அரண்மனையின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தார். துளஜா மன்னர் 1787இல் மறைவதற்கு முன் சுவீகாரம் எடுத்த பிள்ளையாகிய சரபோஜியும் அதே பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். ஆக, பிற்கால மன்னரும் பிற்காலக் கவிஞரும் ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்தவர்கள்.

வேதநாயகம் தரங்கம்பாடியில் இறையியலோடு கணிதமும் வானியலும் கற்றார். பத்தொன்பதாம் வயதில் தஞ்சையில் உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியின் தலைமையாசிரியரானார். சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். ஆசானின் மரணப் படுக்கையருகே மன்னர் நிற்கும் காட்சியைப் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி பளிங்கில் வடித்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் அதைக் காணலாம்.

அன்றைய தஞ்சையின் இசைச் சூழலையும் இங்கே நினைவுகூர வேண்டும். சீர்காழி அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திருவையாற்றில் தியாகராசர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் நம் கவிராயருக்கு ஏழு வயது மூத்தவர். அரண்மனையில் நாட்டியமும் மராட்டியக் கீர்த்தனமும் தெலுங்குப் பதங்களும் ஒலித்தன. தஞ்சை நால்வர் என்று பின்னாளில் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரும் இந்த அவையோடு தொடர்புடையவர்களே. இத்தகைய ஊரில் வளர்ந்த ஒருவர் துதிப்பாடல் எழுத எண்ணினால் அவர் காதில் எந்த மெட்டு முதலில் கேட்டிருக்கும்?

மேடையிலிருந்து ஆலயத்துக்கு

1800ஆம் ஆண்டை ஒட்டி அவர் பாடியது பெத்லகேம் குறவஞ்சி. குற்றாலக் குறவஞ்சி பிறந்த திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், அதே சிற்றிலக்கிய வடிவைக் கிறித்துவக் கருத்துக்கு ஏற்றிக்கொண்டதில் வியப்பில்லை. தலைவியின் பெயர் தேவமோகினி. உலா வருபவர் பெத்லகேம் நாதர். குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவகம். தரங்கம்பாடியில் கற்ற மேலை வானியலையும் அவர் அதனுள் வைத்துப் பாடினார். இதன்றி ஞான நொண்டி நாடகம், ஞான உலா, ஞானத் தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி, செபமாலை எனப் பல நூல்களை இயற்றினார். வயலுக்கு நீர் இறைப்போர் பாடும் ஏற்றப்பாட்டையும் விடவில்லை. ஞான ஏற்றப்பாட்டும் அவர் பெயரில் உண்டு. தஞ்சை நிலத்தில் பாடப்பட்ட பாட்டு வகை எதுவானாலும், அதைத் தம் இறைவனுக்கு உரியதாக்க முயன்றார் என்றே இப்பட்டியல் காட்டுகிறது.

சரபோஜியின் அவையில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். அது பெருவுடையார் கோயிலில் நடிக்கப்பெற்றது. பெத்லகேம் குறவஞ்சி போலப் பெருவுடையார் மீதும் ஒன்று பாடுமாறு மன்னர் சாஸ்திரியாரைக் கேட்டதாகவும், அவர் தம் இறைவனையன்றி வேறெவரையும் பாட இயலாது எனப் பணிவுடன் மறுத்ததாகவும் ஒரு மரபுச் செய்தி வழங்கி வருகிறது. நடந்ததோ நடக்கவில்லையோ, அச்செய்தி ஓர் உண்மையைச் சுட்டுகிறது. வடிவத்தில் அவர் முழுமையாகத் தஞ்சைக்காரர், பாடுபொருளில் விட்டுக்கொடுக்காதவர்.

இனி அந்த மங்களத்தைப் பார்ப்போம். மேலே கூறிய இலக்கணம் முழுவதும் அதில் அமைந்துள்ளது. அடிகள் தோறும் 'கு' உருபேற்ற பெயர்கள், உள்ளே எதுகை, முடிவில் மங்களம். பெயர்களை மட்டும் நோக்கினால் ஒரு பயணம் தெரிகிறது. கானான் நாடும் பெத்லகேமும் கன்னி மரியாளும் அங்கே வருகின்றனர். பிறந்த பாலகனைக் காண முதலில் வந்த யூதேயா நாட்டு ஆயர்கள் நம் ஊர்க் 'கோனார்' ஆகிவிடுகின்றனர். இம்மானுவேல் என்னும் எபிரேயப் பெயர் 'மனுவேலன்' என்று தமிழ் ஈறு பெற்று, பாலன், அனுகூலன் என்னும் சொற்களோடு எதுகையிற் கலந்து நிற்கிறது. இது மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய செயலன்று. தமிழில் சிந்தித்துத் தமிழில் வழிபட்ட ஒருவருக்கே இது வாய்க்கும்.

நண்பரின் வினாவுக்கு முதல் விடை இதுவே. அயலார் ஒருவர் நம் மங்களத்தைப் பார்த்து எழுதவில்லை. மங்களம் பிறந்து வளர்ந்த வீட்டின் பிள்ளைகளுள் ஒருவர், தமக்கும் உரிய வடிவில், தம் இறைவனைப் பாடினார்.

நான்கு முறையீடுகள்

கதையை இங்கே நிறுத்தினால் இனிமையாக இருக்கும். ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை.

1820களில் மிஷனின் தலைமுறை மாறியது. சுவார்ட்ஸ் காலத்தவர் மறைந்து இளைய மிஷனரிகள் வந்தனர். 1826ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக்குக் கல்கத்தாப் பேராயர் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். ஆங்கிலத் திருச்சபையின் புகழ்பெற்ற துதிப்பாடல்களுள் ஒன்றான, இறைவனை மும்முறை 'பரிசுத்தர்' என விளிக்கும் பாடலை இயற்றியவர் அவர். தஞ்சையில் திரண்ட தமிழ்ச் சபைக்குத் தமிழிலேயே ஆசி கூறினார். சாதி வழக்கங்களைப் பற்றிப் பொறுமையோடு விசாரித்தறியவும் முற்பட்டார். அடுத்த வாரமே, ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் குளிக்கச் சென்ற இடத்தில் உயிர்நீத்தார். அவரோடு அந்தப் பொறுமையும் போயிற்று.

தொடர்ந்து எழுந்த பூசலில் தஞ்சை வேளாளக் கிறித்துவர்களின் குரலாக நின்றவர் சாஸ்திரியார். அவர்கள் முன்வைத்த முறையீடுகள் நான்கு. பப்ரிஷியசின் விவிலியத் தமிழைத் திருத்திப் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்துவது ஒன்று. திருமணத்திலும் பண்டிகையிலும் பூக்களை விலக்குவது மற்றொன்று. வழிபாட்டிலிருந்தும் விழாக்களிலிருந்தும் தமிழ்ப் பாட்டையும் இசையையும் அகற்றுவது மூன்றாவது. நான்காவது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்வது.

முதல் மூன்றையும் படிக்கும்போது நம் உள்ளம் கவிராயரின் பக்கம் நிற்கிறது. பூவும் பாட்டும் பழகிய மொழியும் இல்லாத வழிபாட்டை எந்தத் தமிழர் விரும்புவார்? நான்காவதைப் படிக்கும்போது தயங்கி நிற்கிறோம். ஆலயத்தில் வேளாளர் ஒருபுறமும், பறையர் என்று அன்று அழைக்கப்பட்ட வயலுழைப்பாளர் மறுபுறமும் தனித்து அமர்வதும், திருவிருந்தில் முன்பின்னாக வருவதும் மாறக் கூடாது என்பதே அதன் பொருள். சாதியைத் திருத்த முற்படுவது பேதைமை என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, 1829இல் அவர் ஒரு நூலே எழுதினார்.

அவர் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிடுவோம். சாதி என்பது உலகியல் ஒழுங்கே. மீட்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பியர் தமக்குள் உயர்வு தாழ்வு பாராட்டிக்கொண்டு நம்மை மட்டும் குறை கூறுவது ஏன் என்பதே அது. கடைசி வினாவில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வினாவைக் கேட்கும் உரிமை, பின்வரிசையில் அமர்த்தப்பட்டவருக்கு அன்றோ முதலில் உரியது? அவர்கள் குரல் இந்த நூல்களில் நமக்குக் கேட்கவில்லை. நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அவர்களே. அதே ஆலயத்தில் அதே இறைவனைப் பாடியவர்களும் அவர்களே.

இப்பூசலில் சாஸ்திரியார் மிஷன் பணியை இழந்தார். சரபோஜியின் அரண்மனை அவரைக் கவிஞராக ஏற்று ஆதரித்தது. கிறித்துவக் கவிஞருக்குத் திருச்சபை மூடிய கதவை இந்து மன்னர் திறந்தார். 1832இல் சரபோஜி மறைந்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையில் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினர்.

சீர்திருத்தம் பேசிய மிஷனரிகள் சாதியையும் தமிழ்ப் பாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறிய முயன்றனர். கவிராயரோ இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காக்க முயன்றார். மூட்டையைப் பிரித்துப் பார்க்க இரு தரப்பாருமே முன்வரவில்லை.

பாட்டு வென்ற விதம்

மூட்டையைப் பிரித்தது காலம். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், கிராமத்துச் சபைகளில் கீர்த்தனைகளின் ஆற்றலைக் கண்டார். 1853இல் அவர் வெளியிட்ட தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெருமளவு இடம்பெற்றன. அமெரிக்க மிஷன் சாதி வழக்கங்களில் உறுதியான எதிர்ப்பு நிலை கொண்டது என்பதைக் கருதினால், இதன் சிறப்பு விளங்கும். கவிஞரின் சாதிக் கொள்கையை விலக்கிவிட்டு அவருடைய பாட்டை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியும் என்று அத்தொகுப்பு காட்டியது. ஒருகாலத்தில் வெளியேற்றப்பட இருந்த தமிழிசை, இப்போது புத்தகமாகிச் சபைதோறும் சென்றது. சாஸ்திரியார் அதைக் காண வாழ்ந்திருந்தார். 1864 ஜனவரி 24ஆம் நாள் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின்னும் தஞ்சையில் இம்மரபு அறுபடவில்லை. 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெரும் இசைநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், கிறித்துவக் கீர்த்தனைகளும் பாடினார். ஒருவகையில் அவர் நம் கவிராயரின் இசை வாரிசு. இன்று தமிழகத்திலும் இலங்கையிலும் தமிழர் குடியேறிய நாடுகளிலும் சபை வேறுபாடின்றிக் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. ஹீபர் பாதிரியாரின் ஆங்கிலத் துதிப்பாடலின் தமிழாக்கமும் சாஸ்திரியாரின் மங்களமும் ஒரே ஆலயத்தில் பாடப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஒன்று கடல் கடந்து காவிரிக்கு வந்தது. மற்றொன்று காவிரியிலிருந்து கடல் கடந்து சென்றது.

நம் வகுப்பறையைப் பற்றியும் ஒரு சொல். பல ஆண்டுகளாகக் குறவஞ்சி இலக்கியம் நடத்தி வருகிறோம். குற்றாலக் குறவஞ்சிக்குப் பல வாரங்கள். பெத்லகேம் குறவஞ்சிக்கு, 'பிற குறவஞ்சிகள்' என்னும் பட்டியலில் ஒரு வரி. 'கிறித்துவர் தமிழ்த்தொண்டு' என்னும் தனி இயலில் சாஸ்திரியாரை ஒதுக்கிவிட்டு, தஞ்சை இசை வரலாற்றில் அவரை மறந்துவிடுகிறோம். ஆலயத்தில் தனி வரிசை போட்டதைக் குறை கூறும் நாம், பாடத்திட்டத்தில் தனி வரிசை போட்டிருக்கிறோம். இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

அன்றைய திருமணத்திற்கே திரும்புவோம். விருந்து முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது, ஆலயத்துக்குப் பின்னே கல்லறைத் தோட்டங்கள் இரண்டு தெரிந்தன. நடுவே ஒரு முள்வேலி. காரணத்தை நாம் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்ளும் நிலை நம் நாட்டில் இன்னும் மாறவில்லை. பின்னால் பந்தலில் நாகசுரம் ஓய்ந்திருந்தது. மங்களத்தின் மெட்டை நண்பர் மெல்ல முனகிக்கொண்டே வந்தார். வேலியைக் கண்டதும் நிறுத்தினார். சற்று நேரம் கழித்து, "பாட்டு எல்லாருக்கும்தானே எழுதியிருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார்.

எழுதியவர் அப்படி எண்ணினாரா என்பது வேறு. பாட்டு அப்படித்தான் நிலைத்திருக்கிறது. அவர் பிரித்து அமர்த்த விரும்பிய மக்களின் பேரப்பிள்ளைகளும் அதைத் தம் பாட்டாகவே பாடுகிறார்கள். அவரை முழுமையாக ஏற்பதோ முழுமையாகத் தள்ளுவதோ நம் நோக்கமன்று. மங்களத்தைத் தந்த கையையும் வரிசையைப் பிரித்த கையையும் ஒருசேரக் காண்பதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை எனக் கருதுகிறோம்.

தத்தம் ஊர்களில் இம்மங்களம் எந்த மெட்டில், எந்த வேளையில் பாடப்படுகிறது என்பதை அறிந்த நண்பர்கள் எழுதினால் மகிழ்வோம். மெட்டுகள் ஊருக்கு ஊர் மாறக் கூடியவை; பாடுவோர் இருக்கும்போதே அவற்றைக் குறித்து வைத்தல் நலம்.